அரைப்பேர்

தீவாளி எட்வான்ஸ் பதினையாயிரம்.
அதில் உடுப்பு எடுக்கவில்லை, இறைச்சி எடுக்கவில்லை.
பண்டாரவளை அடகுக்கடையில்
மீட்க வராத யாரோ ஒருவருடைய கிட்டாரை எடுத்தேன்.
அம்மா பத்து நாள் பேசவில்லை.
தோட்டத்து ஆபீஸ் பத்து மாசம் பேசியது,
ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும்:
கழிவு, ஆயிரத்து ஐந்நூறு.

ஐந்து கம்பிதான் இருந்தது.
ஆக மெல்லிய கம்பிக்கான முறுக்காணி
வேலையில்லாமல் சும்மா சுற்றும்.
தண்ணித் தாங்கி வளைவில் மட்டும்
ஃபோனுக்கு டவர் எட்டும்.
இடுப்புப் படங்கை அவிழ்க்காமல் அங்கே நின்று படித்தேன்.
எந்த நாட்டிலோ ஒருத்தன்
விரலை மடக்கிக் காட்டிக்கொண்டிருக்கையில்
படம் உறைந்தது,
கை பாதி வழியில்.
அதுதான் பாடம் என்று எடுத்துக்கொண்டு
மூன்று வாரம் அந்தப் பாதி வழியையே பழகினேன்.
அப்படி ஒரு பிடியே கிடையாது
என்று பிறகு தெரிந்தது.
கிடையாவிட்டால் என்ன.
அழுத்தினால், மூடுபனிக்குள்
லொறி ஒன்று வளைவு திரும்புவது போலக் கேட்கும்.
விட மனசில்லை.

விரல்நுனி எரியும் என்று எச்சரித்திருந்தான்.
எரியவில்லை.
கொழுந்துக் கறை ஏறிய வெடிப்புகளில்
கம்பி போய்ச் சரியாக உட்கார்ந்தது.

பக்கத்துக் காம்பராவில் மரியதாஸ்.
ஸ்டோரில் ரோலர் ரூம், இராவேலை.
பகலில் தூங்க வேண்டிய ஆள்.
இரண்டு வீட்டுக்கும் நடுவில்
கூரை வரை ஏறாத ஒரு சுவர்.
மழைக்கு வேலை நிறுத்துகிற மத்தியானங்களில்
கிட்டாரின் தோளில் வாயை வைத்து
பல்லுக்குள் பாடினேன்.
தகரத்தில் மழை வலுத்தால் கொஞ்சம் கூட்டி,
மழை விட்டால்
விட்ட இடத்திலேயே குறைத்து.

முதல் பாட்டும் அப்படி ஒரு மழையில்தான்.
பதினெட்டுக் கிலோ சேரவில்லை.
கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டார்.
அரைநாள் சம்பளத்துக்கு எங்கள் பேச்சு அது.
என் முழுப்பேர் சுகிர்தமலர்.
எந்தப் பாதியை எழுதினாய் ஐயா,
எந்தப் பாதி நாலாம் நம்பர் மலையில்
இன்னும் நனைகிறது
என்று தொடங்கியது.
இரண்டாவது சரணத்தில் ஸ்டோரைக் கொண்டுவந்தேன்.
வாடிய கொழுந்தை
ரோலர் தாலாட்டுகிறதாம்.

சுவர் பேசியது.

"தங்கச்சி, ரோலர் தாலாட்டாது.
ஒரு தடவை வந்து நின்று பாரு.
சட்டைக் கை மாட்டிக்குமோ,
இரா முழுக்க அந்த நினைப்புத்தான்."

எத்தனை மாசமாக முழித்திருக்கிறீங்க
என்று நான் கேட்கவில்லை.
தூக்கம் போச்சென்று அவரும் சொல்லவில்லை.
தாலாட்டை எடுத்துவிட்டுச்
சட்டைக் கையை வைத்தேன்.
தாளம் ஒரு இடத்தில் இடறியது.
இடறட்டும்.

அப்புத்தளையில் ஒரு சாப்பாட்டுக்கடை மாடி, சனிக்கிழமை.
ஒன்பது பேர்.
அதில் இரண்டு பேர் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்.
மைக் கட்டுகிற பையன்
சினிமாப் பாட்டு ஏதும் தெரியாதா அக்கா என்றான்.
தெரியும் என்றேன்.
அரைப்பேரைத் தொடங்கினேன்.
அந்த இல்லாத பிடி வந்தபோது
வயரைச் சுற்றிக்கொண்டிருந்த கை
ஒரு கணம் நின்றது.

பின்னாலிருந்து ஒரு குரல்:
"பிள்ளை, சத்தமா!"

சத்தமாக எடுத்துப் பார்த்தேன்.
வேறு யாருடையவோ பாட்டுப் போல இருந்தது.
நிறுத்தி, மைக்கில் சொன்னேன்:
மன்னிச்சுக்கோங்க,
பக்கத்துக் காம்பராவில் ஆள் தூங்குது.
சிரித்தார்கள்.
பகிடி என்று நினைத்திருப்பார்கள்.
மறுபடி பல்லுக்குள்ளிருந்து தொடங்கினேன்.
சட்டைக் கை வருகிற இடத்தில்
பலகைத் தரையில் நாற்காலிகள்
முன்னுக்கு இழுபடுகிற சத்தம் கேட்டது.

ஆயிரம் பேசியிருந்தார்கள்.
கொத்துரொட்டிக்குக் கழித்து எழுநூறு.
கழிவு எனக்குப் புதுசா?
முழுப்பேரும் எழுதிக்
கையெழுத்து வைக்கச் சொன்னார் முதலாளி.
வைத்தேன்.
பேனை மட்டுமட்டாகத்தான் எழுதியது.