மஞ்சள் தாடி

க்ளாக்ஸ்விக் துறைமுகத்தில் இன்று பதினேழு படகுகள்.
சிவப்பு உருளைகளைக் கொக்கியிலிருந்து இறக்கி
ஒவ்வொன்றாய்த் தலைகீழாகக் கவிழ்த்துக்
காதை வைத்துக் கேட்கிறேன்.
உள்ளே தூள் சரிய வேண்டும்,
சாக்கிலிருந்து மீனுக்கு உப்பு சரிவதுபோல.
சத்தமே இல்லையென்றால்
கட்டிதட்டிக் கிடக்கிறது என்று பொருள்.
ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு. மறுபடி காது.

வாருங்கள் என்று யாரும் சொல்வதில்லை.
இந்தத் தீவுகளில் எல்லாரும் தண்ணீருக்குப் பயந்தவர்கள்.
'நெருப்பா? சுற்றிலும் இவ்வளவு கடலை வைத்துக்கொண்டா?'
சிரித்தார் ஹானுஸ்.
அவர் உருளையின்மேல் மழைக்கோட்டு காய்ந்துகொண்டிருந்தது.
எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.
கொதிக்கும் எண்ணெயில் ஒரு குவளை கடல்நீர்
ஊற்றிப் பாருங்கள், தெரியும், என்றேன்.
ஊற்றிவிடாதீர்கள் என்றும் சொன்னேன்.
இந்த மனிதரை நம்ப முடியாது.
மூடி எங்கே? அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இயந்திர அறையில் மின்பலகைக்குக் கரியமில வாயு.
அதன் கொம்பை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது.
தீயணைக்கப் போய்ப் பனியில் வெந்த
என் இடது சுண்டுவிரல் சாட்சி.

ஒன்பதாவது படகில்
சமையற்காரர் ரோக்வி தானாகவே கொண்டுவந்து வைத்தார்.
ஊசி பச்சையில்தான் நின்றது.
முத்திரைக் கம்பியைத்தான் காணோம்.
'ஒரே ஒரு நொடி,' என்றார், தரையைப் பார்த்து.
போன ஞாயிறு பனி கொட்டியதாம்.
மகன் டோக்கி செய்த பனிமனிதனுக்கு
மஞ்சள் தாடி தேவைப்பட்டதாம்.

சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டேன்.
அந்த ஒரு நொடியில்
வால்வின் உதட்டில் ஒரு துகள் ஒட்டியிருக்கும், ரோக்வி.
சாத்தியும் சாத்தாத கதவு அது.
உள்ளிருக்கும் அழுத்தம்
அவசரமே இல்லாமல் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கும்.
இன்றைக்குப் பச்சை.
அடுத்த மாதம் கிரீன்லாந்துப் பக்கம்
உங்கள் எண்ணெய்ச் சட்டி பற்றும்போது
கையில் இருப்பது வெறும் இரும்பு.

அவர் ஒன்றும் பேசவில்லை.
கறுப்புக் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.
மாற்று உருளையை வாசலுக்கு அருகில் மாட்டினேன்,
அடுப்புக்கு மேலே அல்ல:
எரியும் அடுப்பைத் தாண்டிக் கை நீட்டி
எவன் எடுப்பான்?
அட்டையில் தேதி எழுதும்போது மழை வந்து
பேனா இரண்டு முறை வழுக்கியது.

பழையதைத் தோளில் போட்டுக்கொண்டு
படகுத்துறையில் இறங்கினேன்.
வலைக் குவியலுக்குப் பின்னால்
பனிமனிதன் எப்போதோ கரைந்து கடலுக்குப் போயிருந்தான்.
கருங்கல்லின்மேல்,
இத்தனை மழைக்கும் நனையாமல்,
தாடி கிடந்தது.