விடுபட்ட எழுத்துகள்

பறவையின் பெயரைச் சொல்லமாட்டேன் என்று
ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன்.
புறா இனம் என்பது வரை சொல்லலாம்.
கண் இருந்த இடத்தில் பஞ்சு.
காலில் கட்டிய சீட்டில்
எவனோ ஒரு துரையின் சாய்ந்த எழுத்து:
சுட்ட தேதி, சுட்ட இடம், பெண்.

விரலடியில் கடுகளவு தோல் சீவினேன்.
உள்ளே
கரையான் தின்ற செய்தித்தாள் மாதிரி
நான்கே எழுத்துள்ள மொழி.
கிடைக்காத வரிகளை
உயிரோடிருக்கும் ஒன்றுவிட்ட தங்கையிடமிருந்து
எடுத்து ஒட்டுகிறோம்.

இது அதுதானா என்றேன்.
அதைப் போல ஒன்று என்றார் டாக்டர் சியா
கையுறையைக் கழற்றியபடி.
நேர்மையான மனிதர்.
நிதி கேட்கும் தாளில் மட்டும்
அந்தப் ‘போல’ இருக்காது.

பாயான் லெப்பாஸிலிருந்து வீடு சேர ஏழாகும்.
சற்குணன் எனக்கு முன்பே வந்திருப்பார்.
மாநகர் மன்றம் அனுமதித்த துப்பாக்கி
அலமாரி மேல்.
ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால்
இன்று அறுபத்திரண்டு காக்கை,
தலைக்கு இத்தனை வெள்ளி.
காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்ன
கப்பலேற்றி வந்தவையாம் இவையும்.
“நம்ம ஆளுங்கதான்” என்று சிரிப்பார்.
பிறகு வெகுநேரம் கை கழுவுவார்.

எதிர்க் கடைவீட்டின் மூடிய மாடியில்
ஒலிபெருக்கி,
பதிவு செய்த உழவாரன் குரலை
இரவு பகலாய்க் கத்துகிறது.
நிஜப் பறவைகள் நம்பி வந்து
எச்சிலால் கூடு கட்டுகின்றன.
எங்களுடையது பொரிந்தால்
அதை அழைக்க ஒரு பதிவும் இல்லை.
புறாவுக்குக் கூவல் பிறவியிலேயே உண்டு,
யாரும் சொல்லித்தர வேண்டாம் என்கிறார் சியா.
சரி, கூவும்.
பதிலுக்கு?
அது தின்ற பழமரம் நின்ற சரிவில்
இருபத்தெட்டு மாடி,
நீச்சல்குளம் ஆறாவதில்.

நேற்று ஏழாம் முட்டையை
விளக்கின் முன் பிடித்தேன்.
செந்நூல் வலை, நடுவில் அடிக்கும் ஒரு புள்ளி.
இதுவும் அது இல்லை.
பார்வைக்கு மாடப்புறாவாகத்தான் வளரும்.
இதன் வயிற்றுப் பிள்ளை ஒருவேளை அதுவாகலாம்.
பிறப்பதற்கு முன்பே
வேறொருத்தியைச் சுமக்கச் சம்மதமா என்று
இதனிடம் யார் கேட்டோம்?

சாப்பிடும்போது சற்குணனிடம் சொன்னேன்.
மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே கேட்டார்:
“ஊரெல்லாம் பெருகிட்டா
என்னைக் கூப்பிடுவாங்களா?”
வேடிக்கைக்குத்தான் கேட்டார்.
இருவரும் சிரிக்கவில்லை.

இன்று காலைப் படிவத்தில்
முட்டை எண்: ஏழு.
துடிப்பு: உண்டு.
இனம் என்ற கட்டத்துக்கு நேரே
பேனாவை வைத்து
எடுத்துவிட்டேன்.
ஒரு மைப்புள்ளி மட்டும்.