பாதிப் பாட்டு

திதிகாகா ஏரிக்கரையில்
ஜூலைக் காற்று உப்புத்தாள்.
செவேரோவின் கீழுதடு பிளந்து
நாணல் குழலெல்லாம் ரத்தம்.

இங்கே ஒரே பாட்டை இருவர் ஊதவேண்டும்.
அவனிடம் ஏழு குழல், ப்ளாசிதாவிடம் ஆறு.
ஒருவர் விட்ட சுரத்தை மற்றவர் எடுக்கவேண்டும்.
அவள் ஊதிவிட்டுக் காத்திருக்கிறாள்.
பதில் இல்லை.

"நக்காதே. நக்க நக்கக் காயும்."
கெண்டி மூடியில் கொஞ்சம்
கோகோ வெண்ணெயை இளக்கி
சுண்டுவிரலால் ஒற்றுகிறாள்.
"நாலு நாளைக்குப் பேச்சு கிடையாது,
சிரிப்பு கிடையாது,
உன் மாமனிடம் சண்டையும்."

அதற்குத்தான் சிரித்தான்.
திரும்பப் பிளந்தது.

திரும்ப ஒரு விரல் வெண்ணெய்.
திருவிழா வெள்ளிக்கிழமை.
அவன் சுரங்களையும் சேர்த்து
அவளே ஊதிப் பார்க்கிறாள்,
மூச்சிரைக்க, தப்பும் தவறுமாக.

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு
சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான் செவேரோ.
தோள் மட்டும் குலுங்குகிறது.