ஒன்பது மாதத்துக்கு ஒரு வரி

மார்ச்சில் தொடங்கி நவம்பரில் முடிகிறது
அந்த வெற்றிடம்.
ஹோடான் பேனாவின் பின்முனையால் அதைத் தட்டுகிறாள்.
"இங்கே என்ன எழுதலாம்?"
ஸ்கார்பரோ, லோரன்ஸ் வீதி, டொலர் கடைக்கு மேல்மாடி.
ஹீட்டருக்கு மட்டும் சொல்ல நிறைய இருக்கிறது.

ஒன்பது மாதமென்றால்
பிள்ளைப்பேறென்று நினைப்பார்கள்.
நாற்பத்தெட்டு வயதில் நான் பெற்றெடுத்தது
ஒரு கடிதம்:
இவரிடமிருந்து இனி எவருக்கும் தொற்றாது.
கீழே ஒரு டொக்டரின் கோழிக்கிறுக்கல்.

காலை ஏழரைக்கு மரிசெல் போனில் வருவாள்.
குளிசையை நாக்கில் வைத்துக் காட்டுவேன்,
தண்ணீர் குடித்துக் காட்டுவேன்,
நாக்கைத் தூக்கி அடியையும் காட்டுவேன்.
என்னைக் கலியாணம் கட்டினவன்கூட
இவ்வளவு கிட்டப் பார்த்ததில்லை.
அழுதால் கண்ணீரும் செம்மஞ்சளாக வந்தது.
"மருந்து வேலை செய்யுது" என்று சிரித்தாள்.
தலையணை உறையின் அந்தக் கறையை
மூன்று தரம் தோய்த்தேன், போகவில்லை,
பன்னிரண்டு வருசம்
ஹோட்டல்களின் துணி தோய்த்த கை இது.

கூப்பிடுகிறோம் என்றான் ஏஜென்சிக்காரன்.
கூப்பிட்டால்தானே.

காசம் போனது.
காசும் போனது.
இதை ஹோடானுக்கு எப்படிச் சொல்ல?
ஆங்கிலத்தில் இந்த இரண்டும்
ஒன்றுக்கொன்று சொந்தமில்லை.

தவயோகன் அண்ணன் வாடகைக்கு ஆயிரத்து இருநூறு தந்தார்.
தந்தார் என்றால்,
உறையில் போட்டு மிதியடியில் வைத்துவிட்டு
லிஃப்டுக்குள் நின்றுகொண்டு போன் எடுத்தார்.
அவருடைய மகளின் கலியாண மண்டபத்தில்
என் மேசைக்கு எட்டுக் கதிரை.
பாயாசம் வருமுன் ஏழும்
மெல்ல மெல்ல வேறு மேசைக்கு நடந்துவிட்டன.
கடிதம் கைப்பையில்தான் இருந்தது.
கதிரைகளுக்கா வாசித்துக் காட்ட?

ஆஸ்பத்திரி நடைவழியில்
ஆறு நிமிடம் நடக்கவிட்டார்கள்.
ஒரு கூம்பு, திரும்பு, இன்னொரு கூம்பு.
முந்நூற்றுத் தொண்ணூறு மீற்றர்.
வயதுக்குக் குறைவாம்.
நீராவி கூடாது, பாரம் தூக்கக் கூடாது.

அந்தத் தாளையும் ஹோடான் வாங்கினாள்.
கூடாதவை இருந்த பக்கத்தைக் கவிழ்த்துவிட்டு
பின்பக்க வெள்ளையில் எழுதத் தொடங்கினாள்,
நான் சொல்லச் சொல்ல:
கறையைப் பார்த்து அது வைனா ரத்தமா தெரியும்.
துணியை விரலில் உரசி, இன்னும் எத்தனை தோய்ப்புத் தாங்கும் தெரியும்.
ஒரு நாளைக்கு நாலாயிரம் துவாய்.
"நாலாயிரமா?"
மடித்ததும் நான்தான் என்றேன்.

கடைசியில் அந்த வெற்றிடத்தில்
மருத்துவ விடுப்பு. முடிந்தது.
"நோயின் பேரை நீங்கள் சொல்லத் தேவையில்லை.
முடிந்தது என்பது மட்டும் அவர்களுக்குப் போதும்."
முற்றுப்புள்ளியை அழுத்திக் குத்தினாள்.

சீருடைகளை வாடகைக்கு விடும் கம்பனி.
பொத்தானும் சிப்பும் சரிபார்க்கும் மேசை.
இருந்து செய்கிற வேலை,
நாலு மணித்தியாலம், கிழமைக்கு மூன்று நாள்,
ஆறாம் கிழமையிலிருந்து ஐந்து.
வெள்ளி தோறும் ஹோடான் போன் எடுப்பாள்:
மூச்சு எப்படி, மேலாளர் எப்படி.
இந்த வரிசையில்.

மூன்றாம் நாள், சாப்பாட்டு அறை.
தேத்தண்ணி புரைக்கேறியது.
ஒரு இருமல். அடக்கினேன்.
இன்னொன்று.
கதிரைகள் இழுபடும் சத்தத்துக்காக
என் காது காத்திருந்தது.

எதிரே இருந்த வசந்தகோகிலம்,
என் பேர்கூட இன்னும் பிடிபடாதவள்,
மேசைக்கு மேலால் எட்டி
என் உச்சியில் இரண்டு தட்டுத் தட்டினாள்.
"ஆரோ உங்களை நினைக்கினம்."

ஆர்?
ஏஜென்சிக்காரன் இல்லை.
மரிசெல் என் கோப்பை மூடிவிட்டாள்,
இனி நினைக்க அவளுக்குச் சம்பளம் கிடையாது.
இன்றைக்கு வெள்ளியும் இல்லை.

வாய் துடைத்துவிட்டு மேசைக்குப் போகிறேன்.
அடுத்த சேர்ட்டில் மூன்றாம் பொத்தான் இல்லை.
நீல நூலும் முடிந்துவிட்டது.
கேட்டு வாங்க வேண்டும்.