அரைப்பேர்

கிளினிக் கொப்பியில் மிஸ்ஸி
சிவப்புப் பேனையால் எழுதினாள்:
இருநூற்று அறுபத்தெட்டு.
"ஆட்டோ ஓட்டுறது சரி. நடக்கிறது எப்ப?"

மஸ்கெலியா டவுனிலிருந்து மேல் டிவிசன் வரைக்கும்
பத்தொன்பது வருசமாய் ஏறி இறங்குகிறேன்.
மலைக்கு என் ஹாரன் தெரியும்
என் சில்லின் வழுக்கல் தெரியும்
கால்களை அது பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து
"நாளையிலருந்து எக்சசைஸ்" என்றேன்.
ஞானஜோதி சிரித்தாள்,
கூடைக்கயிறு அழுத்திய தடம்
நெற்றியில் அப்படியே இருந்தது.
"பதினெட்டுக் கிலோ கொழுந்தத் தூக்கிக்கிட்டு
ஒம்பதாம் நம்பர் மலையில இறங்கிப் பாருங்க.
அதுக்கு என்னா பேருன்னு அப்புறம் பேசுவோம்."

முதல் வாரம் நான் வீரன்.
கோயில் வரைக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு படி,
ஆட்டோவை மூடிய படங்கில் பனி சொட்டும் நேரத்தில்.
நாலு ரொட்டி இரண்டானது.
கான் ஓரத்து வல்லாரையைக் கிள்ளி வந்து
தேங்காய்ப்பூ குறைத்துச் சம்பல் போட்டேன்.
குரக்கன் ரொட்டியைப் பார்த்து
"ரோட்டுக்குப் போட்ட தாரு மிஞ்சிப்போச்சா அப்பா?"
என்றான் கிருஷாந்தன்.
சீனிப் போத்தலை அலமாரி உச்சிக்கு ஏற்றினேன்.
பிளேன்டீக்குக் கடித்துக்கொள்ள
உள்ளங்கையில் கித்துள் கருப்பட்டி ஒளித்தேன்.
சீனியை விட்டுவிட்டேன் என்று சத்தியமும் செய்தேன்,
அடுத்த மாத ரத்தம்
என்னைக் காட்டிக்கொடுக்கும் வரைக்கும்.

பிறகு மழை.
ஆனி பிறந்ததும் வானம் கூரைத்தகரத்தின் மேல்
குடியேறிவிட்டது.
ஒரு நாள் படி வழுக்கும் என்றேன்.
மறுநாள் இருமல் என்றேன்.
மூன்றாம் நாள் எதுவும் சொல்லவில்லை,
கேட்க யாரும் இல்லை.
ஸ்டாண்டில் ஹயர் இல்லாத மத்தியானம்
அந்தோனிமுத்து சூடாக நீட்டிய மாலுபான்
ஒன்று, இன்னொன்று,
கணக்குத் தப்பிய மூன்றாவது.
பதினொரு நாள் கழித்து
சப்பாத்தைத் தேடினால்
உள்ளே வெள்ளையாய்ப் பூஞ்சணம்.
அதைப் பிடித்தபடி அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன்.
எவ்வளவு லேசாய் ஒரு மனிதன்
தன்னை விட்டுப் போய்விடுகிறான்.

அன்று மாலை ஞானஜோதி
ஈரக் கொங்காணியோடு வந்தாள்.
மழையில் கொழுந்து சேரவில்லை,
கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுவிட்டார்.
முழு மலையும் ஏறி இறங்கி அரைப்பேர்.
படங்கை உதறி உதறித் திட்டினாள்,
தராசை, தராசு பிடித்த கையை,
அதற்குமேல் வானத்தை.
விடிய ஐந்தரைக்குப் பெரட்டுக்களத்தில் நின்றாள்.

அவளுக்கு அது வயிற்றில் அடித்த சொல்.
அதை என் உடம்புக்காக
எடுத்துக்கொள்ளக் கூச்சமாய் இருந்தது.
ஆனாலும் எடுத்தேன்.
அன்றைக்கு நூற்று நாற்பது படி ஏறி,
மூச்சு முட்டித் திரும்பி வந்து,
அடகுக்கடைக் கலண்டரில்
என் பேருக்குப் பாதிக் கோடு போட்டேன்.
மழைக்குப் பாதி.
கலியாண வீட்டு வட்டிலப்பத்துக்குப் பாதி.
கருப்பட்டிக்கும் நேர்மையாய் ஒரு பாதி.
வெறும் கட்டம் மட்டும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன்.
உடம்புக்கு மாதச் சம்பளம் கிடையாது,
அதற்கும் நாள் கூலிதான்.

இப்போது நூற்று எழுபத்தொன்று.
மிஸ்ஸி இன்னும் சிரிக்கவில்லை.
ஆனால் நீலப் பேனையை எடுத்தாள்.

நேற்று நிறுவை முடியும் நேரம் போய்
ஞானஜோதியின் சாக்கைத் தோளில் வாங்கி
ஒம்பதாம் நம்பரிலிருந்து லொறி நிற்கும்
ரோட்டு வரைக்கும் சுமந்தேன்.
பின்னால் வெறுங்கையை வீசியபடி
வந்துகொண்டிருந்தாள்.
"இப்ப சொல்லுங்க,
இதுக்கு என்னா பேரு?"

பதில் இருந்தது.
மூச்சுத்தான் இல்லை.