இரண்டு குடம் நல்ல தண்ணீர்

பெரியபட்டினத்தில் எங்கள் வீட்டுக் குழாய்
கடலுக்குத் தங்கச்சி.
பாத்திரம் கழுவலாம், பல் விளக்கலாம்,
பருப்பு வேகாது.
நல்ல தண்ணீர் டிராக்டரில் வரும்.
வந்தால் வரும்.

அடுப்படி மூலையில் இரண்டு பித்தளைக் குடம்,
மூடி, மூடிமேல் செங்கல்.
வைகாசி வெயிலில் நாக்கு ஒட்டி வந்து நின்றாலும்
"அது மவுத்தானவங்களுக்கு" என்பாள் உம்மம்மா,
ஏதோ மவுத்தானவர்கள்
பள்ளிக்கூடம் விட்டு
எங்களுக்கு முன்னால் ஓடிவந்துவிடுவார்கள்போல.

அசனம்மாள்.
ஐந்து தெருப் பெண் மையத்துகளைக் குளிப்பாட்டியவள்.
கூலி கிடையாது. சேலையும் சோப்பும் நீட்டினால்
சோப்பை மட்டும் வாங்கிக்கொள்வாள்,
அடுத்தவளுக்கு ஆகும் என்று.
சீட்டுப் பணத்துக்கு வருகிறவர்கள் கதவை உடைப்பார்கள்.
மையத்துக்கு வருகிறவர்கள்
மெதுவாகத் தட்டுவார்கள்.
இலந்தை இலை, கத்தரி, கற்பூரம் இருக்கும் பையை
அவள் எடுப்பதற்குள்
சோற்றுத் தட்டில் பாதி ஆறிப்போயிருக்கும்.

ரபியத்து சாச்சி கல்யாணத்தில்
நெய்ச்சோற்றுக்கு நடுவே தண்ணீர் தீர்ந்தது.
"உம்மா, அந்த ரெண்டு குடம்" என்று வந்து நின்றார் மாமா.
பட்டுச்சேலையோடு குடங்களுக்கு முன்னால்
உட்கார்ந்துவிட்டாள்.
"விருந்தாளி கடைக்குப் போய் சோடா குடிப்பான்.
மையத்து எங்கடா போகும்?"
சம்பந்தி வீடு அதை
இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறது.

திரைக்குள் பார்த்ததைத் திரைக்குள்ளேயே விட்டுவருவாள்.
தழும்பு, தீக்காயம், யாருக்கும் காட்டாத கட்டி,
எதுவும் எங்கள் வாசல்படி ஏறியதில்லை.
ஒரே ஒரு தடவை,
இருபத்திரண்டு வயதுக்காரியின் கழுத்தைக் கண்டு
செம்பைக் கீழே வைத்தாள்.
ஈரக்கையோடு வெளியே வந்து
ஆண்கள் நிறைந்த முற்றத்தில் சொன்னாள்:
"நான் ஊத்த மாட்டேன்.
ஸ்டேஷனுக்கு ஆளனுப்புங்க."

அதன்பின் நாலு மாதம்
எங்கள் கதவை யாரும் தட்டவில்லை.
அப்போதும் வாரம் ஒருமுறை குடத்துத் தண்ணீரை மாற்றினாள்.
பழையது முருங்கைக்குப் போனது.
அந்த வருடம்
தெருவே எங்கள் முருங்கைக்காயைத் தின்றது,
பேசாமல் வாங்கிப்போய்.

அவள் போனது புதன்கிழமை, பஜ்ருக்கு முன்.
மதுரையிலிருந்து நான் வந்து இறங்கியபோது
வேதாளையிலிருந்து ஒருத்தி வந்திருந்தாள்,
சின்ன வயசு, போனில் மணி பார்த்துக்கொண்டே.
"நல்ல தண்ணி இருக்கா?" என்றாள்.
எல்லோரும் அடுப்படியைப் பார்த்தோம்.

ஒரு குடம் நிறைய இருந்தது.
இன்னொன்றில் அடியில் கொஞ்சம்.
யாருக்குக் கொடுத்தாள்?
சாச்சிக்குத் தெரியவில்லை.
பக்கத்து வீட்டுக்குத் தெரியவில்லை.
அவளே குடித்தாளோ,
செவ்வாய் ராத்திரி, மூச்சு முட்டியபோது,
எழுபத்தொன்பது வயதில் முதல் தடவையாக?
அப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.
அப்படி இருக்காது.

வலப்பக்கம் முதலில்.
விரலிடுக்கில் சேற்றுப்புண்,
தண்ணீரிலேயே இருந்து வெளுத்தது.
நான் அங்கே மட்டும் மெதுவாக ஊற்றினேன்,
வலிக்கும் என்பதுபோல.

கற்பூரம் கரைத்த கடைசிச் சுற்றுக்குத் தண்ணீர் போதவில்லை.
டிராக்டர்காரர் போனை எடுக்கவில்லை.
குழாயைத் திறந்தேன்.
எந்த மையத்துக்கும் அவள் ஊற்றாத உப்புத் தண்ணீரை
அவளுக்கு ஊற்றினோம்.
"பரவாயில்லை, கடல் தண்ணியும் சுத்தம்தான்"
என்றாள் வேதாளைக்காரி.
பரவாயில்லையா என்று
உம்மம்மாவைத்தான் கேட்டிருக்கவேண்டும்.

வியாழக்கிழமை காலை டிராக்டர் ஹாரன் அடித்தது.
எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.
பெட்டியை வாசலில் போட்டுவிட்டு
இரண்டு குடத்தோடும் ஓடினேன்.
முன்னால் நின்றவர்கள், ஒருவரும் சொல்லாமலே,
விலகி இடம் விட்டார்கள்.

இடுப்பில் தளும்பத் தளும்பத் திரும்பி வந்தேன்.
"இனி இது யாருக்குடி?" என்றாள் சாச்சி.
தெரியாது என்றேன்.
பூனை வருமுன்
செங்கல்லைத் தேடினேன்.