நாற்பத்தொன்றாம் தூண்

அறுபது மீட்டர் கீழே.
மேலே, டண்டீ நகரின் புதிய பேருந்து நிலையத்துக்கு
இடம் பார்த்துவிட்டார்கள்.
தாங்குமா என்று எழுதித் தர
என்னை இறக்கியிருக்கிறார்கள்.

நாடாவின் ஒரு முனை பெகிஸிஸ்வேயிடம்,
மறுமுனை என்னிடம்.
துணியில் ஒட்டிய பழைய வரைபடத்தில்
எல்லாத் தூணும் பன்னிரண்டு மீட்டர்,
கட்டம் போட்ட நோட்டைப் போல ஒழுங்கு.
நாடா ஏழு என்றது.
இழுத்துப் பிடி, என்றேன்.
ஏழுதான், கோகிலா.

வண்டிக்கு இவ்வளவு என்று கூலி போட்ட காலம்.
மேனேஜர் மேலேறிய பிறகு
இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்,
ஆறிய பாயசத்தை ஓரத்திலிருந்து வழிப்பதுபோல
கரியை வழித்திருக்கிறார்கள்.
வரைபடத்தில் யாரும் வழிக்கவில்லை.

கல்லூரியில் முதல் வாரமே சொல்லிவிட்டார்கள்:
அறுபதாம் ஆண்டு, ஃப்ரீ ஸ்டேட் பக்கம்
ஒரு சுரங்கம் மொத்தமாய் அமுங்கியது.
நானூற்று முப்பத்தேழு பேர்.
ஒருவரையும் வெளியே எடுக்க முடியவில்லை.
அதன் பிறகுதான் எண்ண உட்கார்ந்தார்கள்:
நின்ற இடங்கள் தொண்ணூற்றெட்டு,
விழுந்த இடங்கள் இருபத்தேழு.
அந்த எண்ணிக்கையைப் பிழிந்து ஒரு சூத்திரம்.
அகலத்துக்கு அடுக்கு புள்ளி நாலு ஆறு,
உயரத்துக்குப் புள்ளி ஆறு ஆறு.
அதற்கு முன்னால் காதுதான் இருந்தது;
முட்டுக்கட்டை முனகினால் ஓடு.

தூணிலும் இருப்பான் துரும்பிலும் இருப்பான் என்று கேட்டு வளர்ந்தவள்
எத்தனை மெகாபாஸ்கல் என்று கேட்கப் பழகினேன்.

வெடிவைக்கும் சான்றிதழை
நான் பிறந்த வருடத்தில்கூட
தோலைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.
பெகியின் அப்பா ரேண்டில், தங்கச் சுரங்கத்தில்,
இருபத்திரண்டு வருடம் துளை போட்டவர்.
திரி பற்றவைக்க மட்டும் ஒரு வெள்ளைக்காரப் பையன் வருவானாம்,
பத்தொன்பது வயது, கை நடுங்குமாம்.
அந்தக் கையைச் சீசாக் குச்சியோடு சேர்த்துப் பிடித்து
இவர் நிலைப்படுத்துவாராம்.
சம்பளச் சீட்டில் அதற்குப் பெயர்: உதவி.

கால்குலேட்டரைத் தட்டினேன்.
ஆழம், அகலம், உயரம்.
புள்ளி எட்டு ஆறு.
ஒன்றுக்குக் கீழே.
கணக்குப்படி நாற்பத்தொன்று இங்கே நிற்கக்கூடாது.
கணக்குப்படி நாங்களும்.

பெகி தலைவிளக்கைத் திருப்பினான்.
தூணின் பின்னால் ஒரு சுவர்.
கூரையிலிருந்து உதிர்ந்த கல்லையே பொறுக்கி,
சாந்து இல்லாமல் அடுக்கி,
உச்சியில் சில்லு செருகி இறுக்கியது.
ஓரிடத்தில் சில்லு போதாமல்
நசுக்கிய மத்தி மீன் டின்.
தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.
சுண்ணாம்புக் கோடுகள், ஐந்தைந்தாக,
நாளா, கல்லா, யாருக்கோ தரவேண்டிய கடனா.
பெயர் ஏதுமில்லை.
வழித்த கைகளே அடுக்கியும் இருக்கலாம்.

சூத்திரத்தில் இதற்கு எழுத்தில்லை.

நான் எழுதப்போவது எனக்குத் தெரியும்:
சாம்பல் குழம்பு ஊற்றி எல்லாவற்றையும் நிரப்புக.
அதுதான் சரி.
டயர்கள், பெட்டிகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்
தலைக்கு மேலே நிற்கப்போகிறார்கள்.
சுவரும் அதற்குள் போய்விடும்.

படம் எடுக்கலாமா, என்றான்.
போன் விளக்கறையில்; பொறி பறக்கும் எதுவும் உள்ளே வரக்கூடாது.
முழங்காலில் பலகை வைத்து
பென்சிலால் வரைந்தேன், ஒன்றுக்கு இருநூறு.
டின்னையும் வரைந்தேன்,
அந்த அளவில் அது ஒரு புள்ளிகூட இல்லை.

குறிப்பு என்ற கட்டத்தில்:
கல் அடைப்பு. நீளம் ஒன்பது மீட்டர்.
முந்தைய வரைபடத்தில் இல்லை. தாங்குகிறது.

தாங்குகிறது என்பது அறிக்கைச் சொல் அல்ல.
அடித்துவிட்டு,
சுமை ஏற்கிறது, என்று எழுதினேன்.
பெகி நாடாவைச் சுருட்டினான்.
நாற்பத்திரண்டுக்கு நடந்தோம்.